உள்ளே சத்தம் கேட்கும், ஆள் வர மாட்டான்

(காட்பாடியில் ஒரு காணும் பொங்கல் மாலை. தலைப்பு: ‘தமிழர் ரசனையை வளர்த்தது வானொலியா, தொலைக்காட்சியா?’ வானொலி அணியின் கடைசிப் பேச்சு.)

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், பனியில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். மீதி வணக்கங்களை எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். வேலூரில் குளிர் என்று ஒன்று வருவதே வருஷத்துக்குப் பத்து நாள். அந்தப் பத்து நாளில் ஒன்றை எங்களுக்காகக் கொடுத்திருக்கிறீர்கள். அதை வீணடிக்க மாட்டேன்.

ஆனால் தலைப்புக்குள் போவதற்கு முன்னால் ஒரு பாக்கியைத் தீர்க்க வேண்டும். எதிரணித் தம்பி கடைசியாக ஒன்று சொன்னார். நீங்களும் கை தட்டினீர்கள், நானும் பார்த்தேன். “ரேடியோ என்பது கடன் வாங்கியவன் வீடு மாதிரி. உள்ளே சத்தம் கேட்கும், ஆள் வெளியே வர மாட்டான்” என்றார். நடுவர் ஐயாவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். முன்வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கடன் கொடுத்தவர் போலிருக்கிறது.

சரி தம்பி. சத்தம் கேட்கும், ஆள் வர மாட்டான். இதை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் எந்த ஊரில் நின்று இதைச் சொல்கிறீர்கள்? வேலூரைப் பற்றி வெளியூர்க்காரன் என்ன கேலி பேசுவான்? ஆறு இருக்கும், தண்ணீர் இருக்காது. மலை இருக்கும், மரம் இருக்காது. கோட்டை இருக்கும், ராஜா இருக்க மாட்டான். கோயில் இருக்கும், சாமி இருக்காது. சாமி 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்து திரும்பிவந்து கோட்டைக்குள் உட்கார்ந்துவிட்டார், மீதிக் கேலி அப்படியேதான் இருக்கிறது. அதாவது, இல்லாததை இருப்பதாக நினைத்துக்கொண்டு நிம்மதியாக வாழத் தெரிந்தவன் வேலூர்க்காரன். பாலாற்று மணலைப் பார்த்தே தண்ணீரை நினைத்துக்கொள்கிறவனுக்கு, பாட்டைக் கேட்டு ஆளை நினைத்துக்கொள்ள முடியாதா?

இருந்தாலும் தம்பி சொன்னதில் ஒரு உண்மை உண்டு. எங்கள் வீட்டு ரேடியோ ஒருமுறை நிஜமாகவே உள்ளே ஒளிந்துகொண்டு சத்தம் மட்டும் போட்டது.

இங்கே இருக்கிற இளைஞர்களுக்கு ஒரு செய்தி. அந்தக் காலத்தில் வீட்டில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கிக்கு வேண்டுமே, அந்த மாதிரி. தபால் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1980-களில்தான் அது ஒழிந்தது. குடியாத்தம் பக்கம் எங்கள் கிராமத்தில், எங்கள் தாத்தா டிரான்சிஸ்டர் வாங்கினார். முதல் வருஷம் லைசென்ஸ் எடுத்தார். இரண்டாம் வருஷம், ‘அதே ரேடியோதானே, புதுசாவா பாடுது?’ என்று விட்டுவிட்டார்.

ஒருநாள் லைசென்ஸ் பார்க்கிற அலுவலர் சைக்கிளில் வந்து தெருமுனையில் இறங்கிவிட்டார் என்று சேதி வந்தது. எங்கள் ஆயா ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். எங்கே வைப்பது? நெல் குதிர். உள்ளே இறக்கி மூடியும் போட்டாயிற்று. அலுவலர் திண்ணையில் உட்கார்ந்தார். மோர் கொடுத்தார்கள். தாத்தா, ‘ரேடியோவா? அதெல்லாம் பணக்காரங்க வெச்சிக்கிறது சார்’ என்றார். அலுவலரும் தலையாட்டினார்.

அப்போது குதிருக்குள்ளிருந்து ஒரு குரல்: “விவசாயப் பெருமக்களே, வணக்கம்!”

ஆயா ரேடியோவை ஒளித்தாரே தவிர, நிறுத்தவில்லை. நிறுத்தத் தெரியாது, அதைத் திருகுகிற உரிமை தாத்தாவுக்கு மட்டும்தான். உள்ளே விவசாய நிகழ்ச்சி ஆரம்பமாகிவிட்டது. நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றி, நெல்லுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, ஓர் அதிகாரி விளக்குகிறார். அலுவலர் மோரைக் கீழே வைத்தார். குதிரைப் பார்த்தார். தாத்தாவைப் பார்த்தார். “பெரியவரே, உங்க வூட்ல நெல்லு பேசுது” என்றார். தாத்தா அசரவில்லை. “ஆமா சார். புது ரகம்” என்றார்.

சிரிக்காதீர்கள், தாத்தா சொன்னது பாதி நிஜம். 1960-களில் ஆடுதுறை 27 என்று ஒரு நெல் ரகம் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் வானொலியில் அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே வயலுக்குள் கொண்டுபோனார்கள். விவசாயிகள் அதற்கு வைத்த பெயரே ‘ரேடியோ நெல்’. தம்பி, உங்கள் தொலைக்காட்சிப் பெயரில் ஒரு நெல் உண்டா? சீரியல் பெயரில் சேலை உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

அபராதம் கட்டினோமா என்று கேட்கிறீர்களா? கட்டினோம். அலுவலர் அந்த நிகழ்ச்சி முடிகிற வரைக்கும் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் ரசீது போட்டார். அவருக்கும் ஊரில் நிலம் இருந்ததாம்.

அடுத்து எதிரணிப் பேராசிரியை அம்மா. வெள்ளிக்கிழமை மாலையில் ‘ஒலியும் ஒளியும்’ பார்க்க ஊரே ஒரே வீட்டில் கூடியதை அழகாகச் சொன்னார்கள். நானும் கூடினவன்தான், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. ஆனால் அம்மா, அந்தப் பெயரைக் கொஞ்சம் பாருங்கள். ஒலிதானே முதலில் வருகிறது? நீங்களே எங்களை முன்னால் உட்கார வைத்துவிட்டு, அப்புறம் வாதாடினால் எப்படி?

வானொலி அரசாங்கத்தின் ஊதுகுழல் என்றும் சொன்னார்கள். 1924-இல் சென்னையில் வானொலியை ஆரம்பித்தது அரசாங்கமா? சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரும் ஆர்வலர்களும் ஒரு கிளப் அமைத்து ஆரம்பித்தார்கள். காசில்லாமல் 1927-இல் நின்றது. கருவியை மாநகராட்சிக்குக் கொடுத்தார்கள், 1930-இல் மாநகராட்சி எடுத்து நடத்தியது. கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்து ஜனங்களுக்குப் பாட்டுப் போட்டார்கள். அகில இந்திய வானொலி சென்னையில் நிலையம் திறந்தது 1938 ஜூன் 16. அதற்குள் நம் ஆட்களுக்கு மணலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற பழக்கம் வந்துவிட்டது.

அரசாங்கம் தப்புச் செய்யவில்லையா என்றால், செய்தது. 1940-இல் ஆர்மோனியத்துக்கு வானொலியில் தடை போட்டார்கள். நம் மண்ணின் இசைக்கு அது ஒத்துவராதாம். 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. நம் வட ஆற்காட்டுக் கூத்தில் ஆர்மோனியக்காரர் கட்டையைப் பிடிக்காமல் எந்தத் துரியோதனன் வாய் திறப்பான்? முப்பது வருஷம் ஒரு பெட்டியைப் பார்த்து இன்னொரு பெட்டி பயந்திருக்கிறது. அப்புறம் 1952-இல் கேஸ்கர் என்று ஒரு மந்திரி வந்தார். சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கும் என்று நினைத்தார். வானொலியில் சினிமாப் பாட்டு வறண்டது. வீட்டில் குழம்பு வைக்காவிட்டால் பிள்ளை என்ன செய்யும்? பக்கத்து வீட்டுக்குப் போகும். பக்கத்து வீடு இலங்கை. நாடு முழுக்கக் காதை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. பார்த்தார்கள், 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கினார்கள். அதாவது, ஜனங்கள் முள்ளைத் திருகித் திருகியே டில்லியை வழிக்குக் கொண்டுவந்தார்கள். இதைவிட ரசனைக்கு என்ன சாட்சி வேண்டும்?

அந்தப் பக்கத்து வீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவேன்.

இப்போது தலைப்பு. ரசனை என்றால் என்ன, வேலையோடு வருவதா, வேலையைக் கெடுத்து வருவதா? குடியாத்தத்தில் இரண்டு தொழில். ஒன்று கைத்தறி லுங்கி, இன்னொன்று பீடி. எங்கள் அத்தை, என் அப்பாவின் தங்கை, பீடி சுற்றியவர். பெயரைச் சொன்னால் இன்றைக்கு ராத்திரி எனக்கு அங்கே சோறு கிடைக்காது, அதனால் அத்தை என்றே சொல்கிறேன். மடியில் முறம். முறத்தில் இலையும் தூளும். இலையை அளவாக வெட்டி, தூளை வைத்து, உருட்டி, நூல் கட்டி, தலையை மடக்கி, மறுபடி அடுத்த இலை. நாளைக்கு ஆயிரம். கையும் கண்ணும் முறத்தை விட்டு நகர முடியாது. உடம்பில் சும்மா இருந்தது காது ஒன்றுதான். அந்தக் காது வழியாகத்தான் அத்தைக்கு நாதஸ்வரம் வந்தது, திருவையாற்று ஆராதனை வந்தது, சரோஜ் நாராயணசுவாமி டில்லியிலிருந்து செய்தி வாசித்தது வந்தது. சபா வாசலை மிதிக்காத அத்தை, ஒரு ஆலாபனை ஆரம்பித்தால், ‘இது நேத்து சாயங்காலம் பாடினாரே, அந்த மாதிரி கீது’ என்பார். ராகத்தின் பெயர் தெரியாது. ஜாடை தெரியும். அதற்குப் பெயர்தான் ரசனை, நடுவர் ஐயா. அதே அத்தை, வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்த வருஷம் ஆயிரத்திலிருந்து அறுநூறுக்கு இறங்கிவிட்டார். அதிலும் பாதி பீடிக்குத் தலை மடங்கவில்லை.

இந்த அத்தைக்குக் கல்யாணம் ஆன கதையைச் சொல்லாவிட்டால் வானொலிக்குத் துரோகம் செய்தவன் ஆவேன்.

1976. எங்கள் ஊரில் பஞ்சாயத்து ரேடியோ உண்டு. பஞ்சாயத்து ஆபீசுக்குள்ளே பூட்டின அறையில் ரேடியோ இருக்கும், கூரைமேல் குழாய் கட்டியிருக்கும். சாயங்காலம் அதைப் போட்டால் ஏரிக்கரை வரைக்கும் கேட்கும். அத்தையும் கூடப் பீடி சுற்றுகிற பெண்களும் சேர்ந்து, சென்னை வானொலியின் நேயர் விருப்பத்துக்கு ஒரு கார்டு போட்டார்கள். ஒரு மாசம், இரண்டு மாசம், ஆறு மாசம். பெயர் வரவில்லை. தினமும் காத்திருப்பார்கள். யார் யார் பெயரோ வரும். மணச்சநல்லூர் வரும், மானாமதுரை வரும், குடியாத்தம் வராது.

ஒருநாள் வந்தது. அறிவிப்பாளர் அம்மா, தேன் மாதிரிக் குரல், மூச்சு விடாமல் படிக்கிறார். “இந்தப் பாடலை விரும்பிக் கேட்ட நேயர்கள், குடியாத்தத்திலிருந்து...” தெருவே நின்றுவிட்டது. தறி நின்றது. மாடு கூட நின்றதாக ஆயா சொல்வார். அத்தை பெயர் வந்தது! வந்த கையோடு, “மற்றும்” என்றார். மற்றும் என்று சொல்லிவிட்டு, எதிர்வீட்டுத் தறிக்காரப் பையன் பெயரைச் சொல்லிவிட்டார்.

புரிகிறதா? அவனும் தனியாக ஒரு கார்டு போட்டிருக்கிறான். அதே பாட்டு. அதே ஊர். அவ்வளவு தொலைவில் காமராசர் சாலையில் உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாவுக்கு என்ன தெரியும்? இரண்டு கார்டையும் ஒன்றாக வைத்துக் கட்டி, நடுவில் ஒரு ‘மற்றும்’ போட்டுவிட்டார். கூடப் பீடி சுற்றின மற்ற பெண்கள் பெயரையாவது சொல்லியிருக்கலாம். நேரமில்லை போலிருக்கிறது. இரண்டே பெயர். ஒரு மற்றும். குழாய் ரேடியோவில். ஏரிக்கரை வரைக்கும்.

எங்கள் தாத்தா அப்போது ஏரிக்கரையில் இருந்தார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். நேரே வீட்டுக்கு வரவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுக்குப் போனார். “வாத்தியாரே, மற்றும்னா இன்னா அர்த்தம்?” வாத்தியார் பாவம், இலக்கணம் கேட்கிறார் என்று நினைத்துச் சந்தோஷமாகச் சொன்னார்: “அது ஓர் இணைப்புச் சொல்லுங்க.” “இணைப்பா?” “ஆமாங்க. ரெண்டு பேரைச் சேர்த்து வைக்கிறது.” முடிந்தது. வாத்தியார் வைத்த கொள்ளி.

இங்கே எதிர்வீட்டு அம்மா தெருவில் இறங்கிவிட்டார். அவர் கோபம் வேறு. “எம் புள்ள பேருக்கு முன்னாடி உம் பொண்ணு பேரு எப்படி வரும்?” காதலாவது கத்திரிக்காயாவது, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. வரிசைதான் பிரச்சினை. எங்கள் ஆயா சும்மா இருப்பாரா? “ரேடியோக்காரிக்குத் தெரியும்டி யாரை முன்னாடி சொல்லணும்னு!” இரண்டு பேரும் கத்துகிறார்கள். பீடிப் பெண்கள் தங்கள் பெயர் வரவில்லை என்று தனியாக அழுகிறார்கள். ஒரு மாமா, எல்லா ஊரிலும் ஒரு மாமா இருப்பாரே, ‘சென்னைக்குக் கார்டு போட்டுத் திருத்தச் சொல்லலாம்’ என்கிறார். வாத்தியார் வந்து, ‘மற்றும் என்பதற்கு அகராதியில் வேறு பொருளும் உண்டு’ என்கிறார். அவரை உட்கார வைத்துவிட்டார்கள்.

இத்தனை கலவரத்தில் நான் எட்டு வயசுப் பையன், அத்தையைப் பார்த்தேன். முறத்தைக் கீழே வைக்கவில்லை. குனிந்து சுற்றிக்கொண்டே இருந்தார். கண்ணில் நீர். அவமானம் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். அத்தை சொன்னார்: “ஆறு மாசம் காத்திருந்தேன்டா. பாட்டைக் கேக்க வுட்றாங்களா பாரு.”

என்ன பாட்டு என்கிறீர்களா? எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை. பாட்டு அது பாட்டுக்கு ஓடி முடிந்துவிட்டது.

இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம். பத்திரிகை அடிக்கிறபோது, வழக்கமாக அச்சாபீசில் ‘தங்கள் நல்வரவை விரும்பும் உற்றார் மற்றும் உறவினர்’ என்று போடுவார்கள். தாத்தா புரூப் பார்த்து ‘மற்றும்’ என்ற சொல்லை அடித்தார். “இந்த வார்த்தை ஏற்கெனவே நம்ம வூட்ல பண்ண வேலை போதும்” என்றார். அது தற்செயலாக வந்த பெயர்தான் என்று அத்தை இன்றைக்கும் சாதிப்பார். இரண்டு கார்டும் ஒரே கையெழுத்தா, வேறு வேறா என்று மாமாவைக் கேட்டேன் ஒருமுறை. மாமா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

தம்பி, சத்தம்தான் வரும், ஆள் வர மாட்டான் என்றீர்கள். எங்கள் வீட்டுக்குச் சத்தம் வந்து, அதன் பின்னாலேயே மாப்பிள்ளை வந்தான்.

நடுவர் ஐயா மணியைத் தொட்டுப் பார்க்கிறார். தெரிகிறது ஐயா. வாதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் குறிப்பெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தேன். தென்கச்சி கோ. சுவாமிநாதனின் ‘இன்று ஒரு தகவல்’ கேட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் பஸ் ஏறினார்கள், கடைசியில் அவர் சொல்கிற துணுக்குக்குச் சிரித்துக்கொண்டே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒலிச்சித்திரம் கேட்டு, பார்க்காத படத்துக்கு வசனம் ஒப்பித்தோம். சண்டைக் காட்சியில் வெறும் டிஷ்யூம் டிஷ்யூம் கேட்கும், யார் யாரை அடித்தார்கள் என்று நாங்களே முடிவு செய்துகொள்வோம். கிரிக்கெட்டை அப்துல் ஜப்பார் தமிழில் சொன்னபோது, மட்டையே பிடிக்காத டீக்கடைக்காரருக்கும் பந்து எங்கே போகிறது என்று தெரிந்தது. 1977-இல் சென்னையில் பண்பலை வந்தது, 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி வந்தது, இன்றைக்கும் ஆட்டோவில் ஏறினால் பாடுகிறது. இதெல்லாம் குறிப்பில் இருக்கிறது. நேரமில்லை. தாளை மடித்து வைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்குத் திரும்பி வருகிறேன் என்றேனே, அதை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

இலங்கை வானொலி. ராத்திரியானால் வரும், போகும், கடல் அலை மாதிரி ஏறி இறங்கும். நடுவில் விசிலடிக்கும். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீது. அவர்கள் பேசுகிற தமிழுக்கு எங்கள் தெருவில் ஒரு மரியாதை. எங்களுக்கு ‘இன்னா’, அவர்களுக்கு ‘என்ன’. பொங்கும் பூம்புனல் கேட்டுக்கொண்டேதான் அத்தை காலையில் இலை வெட்டுவார். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ரேடியோவுக்குள்ளே வலது பக்கம், முள் கடைசிக்கு வருவதற்கு ரெண்டு விரற்கடை முன்னால் இருக்கிறது என்று தெரியும்.

தறி படுத்தது. மாமா வேறு வேலை தேடினார். 1990-க்கு அப்புறம் அத்தையும் மாமாவும் குடியாத்தத்தை விட்டு இந்தப் பக்கம் வந்து, மேல்மொணவூரில் சின்னதாக ஒரு மளிகைக் கடை போட்டார்கள். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருப்பது உங்களுக்குத் தெரியும். 2021 நவம்பரில் முகாம்களுக்குப் புது வீடு கட்ட முதலமைச்சர் அங்கேதான் வந்து அடிக்கல் நாட்டினார். நான் சொல்வது அதற்கு ரொம்ப முன்னால்.

ஒருநாள் மத்தியானம். அத்தை கடைக்குள் குனிந்து மூட்டை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். வெளியே ஒரு பெண்குரல்: “அக்கா, அரைக் கிலோ சீனி தாங்கோ.”

அத்தை நிமிர்ந்தார். நிமிர்ந்த வேகத்தில் தராசில் தலை இடித்தது. நம் ஊரில் யார் சீனி கேட்பார்கள்? சக்கரை என்போம். அத்தை தலையைத் தேய்த்துக்கொண்டே, “இன்னொரு தரம் சொல்லு” என்றார்.

அந்தப் பெண் பயந்துவிட்டார். அது அப்படிப்பட்ட காலம். முகாமிலிருந்து வெளியே வந்தால் வாயைத் திறக்கவே யோசிப்பார்கள். பேச்சை வைத்து எந்த ஊர் என்று கண்டுபிடித்து, அப்புறம் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அவர் கேட்டதை விட்டுவிட்டுக் காசை மட்டும் நீட்டினார். அத்தை சொன்னார்: “பயப்படாத கண்ணு. நீ பேசுறது எங்க வூட்டு ரேடியோ பேசுற மாதிரி கீது.”

அந்தப் பெண் ஒரு நிமிஷம் ஒன்றும் சொல்லவில்லையாம். அப்புறம் மெதுவாக, அறிவிப்பாளர் மாதிரியே நிறுத்தி நிறுத்தி, “இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், வர்த்தக சேவை” என்றாராம். அத்தை இந்தப் பக்கமிருந்து, “பொங்கும் பூம்புனல்” என்றாராம். இரண்டு பேரும் சிரித்தார்கள். அரைக் கிலோ சீனிக்கு அத்தை கூடக் கொஞ்சம் போட்டார்.

அதற்கப்புறம் தினமும் வருவார். கடைப்பலகையில் உட்காருவார். அவருக்கு வவுனியாவுக்கு வடக்கே ஒரு கிராமம். கரண்ட் இல்லாத வீடு, பேட்டரி ரேடியோ. இங்கே அத்தை இலை வெட்டிய அதே நேரத்தில், அங்கே அவர் தேங்காய் துருவிக்கொண்டு அதே பாட்டைக் கேட்டிருக்கிறார். நடுவில் ஒரு கடல். இரண்டு பேருக்கும் தெரியாது.

ஒருநாள் அத்தை கேட்டார், ‘அந்த ரேடியோ இன்னா ஆச்சு?’

அவர் சொன்னதை அத்தை எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். 1990-இல் ஒரு ராத்திரி ஊரைவிட்டு ஓட வேண்டி வந்தது. பிள்ளைகளைத் தூக்கியாயிற்று. விளக்கை ஏற்றி வைத்தால் ஆபத்து. இருட்டாக விட்டால் வீடு காலி என்று தெரிந்துவிடும், பின்னாலேயே தேடி வருவார்கள். அவர் வீட்டுக்காரர் யோசித்தார். ரேடியோவை எடுத்து உள் அறையில், அலமாரியின் மேல் வைத்தார். சத்தத்தைக் கூட்டினார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் பின்பக்கமாக நடந்தார்கள். உள்ளே சத்தம் கேட்டால் ஆள் இருக்கிறார்கள் என்று நினைப்பார்கள், கொஞ்ச நேரமாவது கிடைக்கும் என்று.

தம்பி, உள்ளே சத்தம் கேட்டது. ஆள் வெளியே வரவில்லை.

பனை மரங்களைத் தாண்டுகிற வரைக்கும் அந்தப் பாட்டு பின்னால் கேட்டுக்கொண்டே வந்ததாம். நின்று கேட்க முடியவில்லை, பிள்ளை தோளில். அவருக்கும் அது என்ன பாட்டு என்று நினைவில்லை.

அந்த அம்மாவுக்கு வயசாகிவிட்டது. இப்போதும் அத்தை கடைக்கு வருகிறார். மாமா போன பிறகு இரண்டு பேரும்தான் பேசிக்கொண்டிருப்பார்கள், ரேடியோ பக்கத்தில் பாடிக்கொண்டிருக்கும். போன தீபாவளிக்கு நான் போயிருந்தபோது இருவரும் கடைப்பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா அத்தையிடம் ஒரு கேள்வி கேட்டார். எத்தனையாவது முறை கேட்கிறார் என்று தெரியவில்லை, அத்தை முகத்தைப் பார்த்தால் பல முறை என்று தெரிந்தது.

“முந்தின நாள்தான் அக்கா புது பேட்டரி போட்டது. எத்தனை நாள் பாடியிருக்கும்?”

அத்தை ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். “புது பேட்டரின்னா, ஒரு மாசம் வரும்மா” என்றார்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. உட்காருகிறேன்.